பதிமூணு மார்க் வாட்டர்ஃபால்

மென்பொருள் பொறியியல் பாடத்தைப் பத்தி நம்ம ஊரில் ரெண்டே ரெண்டு கருத்துதான் உலவுது. ஒண்ணு, படிக்கிற பசங்க சொல்றது: "அது தியரி சப்ஜெக்ட், முந்தின நாள் படிச்சு கதை அடிச்சாலே பாஸ்." இன்னொண்ணு, கம்பெனிக்காரங்க சொல்றது: "காலேஜில் பழைய பஞ்சாங்கத்தையே ஓட்டுறாங்க. ஜிரா, டாக்கர், கிட் எல்லாம் சொல்லிக்கொடுங்க."

எனக்கு ரெண்டிலும் உடன்பாடு இல்லை. தியரி அதிகமா இருக்குங்கறது பிரச்சினையே கிடையாது. அந்தத் தியரியை யாரும் வாசிக்கிறதில்லை என்பதுதான் பிரச்சினை. அதோட இன்னொண்ணும் சேர்ந்துக்குது. இந்தப் பாடம் ஒரு மாணவருக்குக் கொடுக்க வேண்டிய அடிப்படைப் பழக்கம், வேலை எங்கே நிக்குதுன்னு உள்ளபடி சொல்றது. நடைமுறையில் அதுக்கு நேர் எதிரான பழக்கத்துக்குத்தான் இங்கே பயிற்சி நடக்குது. கீழே எழுதியிருக்கிறது இந்த ரெண்டையும் பத்தி.

நான் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இதைப் படிச்சவன். அதுக்கப்புறம் பதினோரு வருஷமா மென்பொருள் வேலை. கடந்த சில வருஷமா இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூக்களுக்கு வெளியாளாகப் போய் உட்கார்றேன். அதனால ஒரு நூலை விமர்சிக்கிற மாதிரி பாடத்திட்டத்தையும், தேர்வு விடைகளையும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் எடுத்து வாசிச்சுப் பார்க்கலாம்னு தோணுச்சு.

பாடத்திட்டம் என்ற நூல்

2017 ஒழுங்குமுறையில் இந்தப் பாடத்துக்கு அஞ்சு யூனிட், யூனிட்டுக்கு 9 மணி நேரம், மொத்தம் 45. முதல் யூனிட்டில் செயல்முறை மாதிரிகளும் அஜைலும். ரெண்டாவதில் தேவைகளைக் கண்டறிஞ்சு எழுதறது. மூணாவது வடிவமைப்பு. நாலாவது சோதனையும் பராமரிப்பும். அஞ்சாவது திட்ட மேலாண்மை: மதிப்பீடு, கொகோமோ, கால அட்டவணை, ஏர்ன்டு வேல்யூ, ரிஸ்க். தேர்வில் பத்து 2 மார்க், அஞ்சு 13 மார்க், ஒரு 15 மார்க்.

இந்த வரிசையில் கொஞ்சம் நின்னு பாருங்க. மென்பொருளை எழுதி, சோதிச்சு, பராமரிப்பும் ஆரம்பிச்சாச்சு. அதுக்கு அப்புறம் அஞ்சாவது யூனிட்டில் வந்து "இது முடிய எத்தனை நாள் ஆகும்?"னு கேக்குறோம். பந்தி முடிஞ்சு இலை எடுத்த பிறகு எத்தனை படி அரிசி போடணும்னு கணக்குப் போடுற மாதிரி இருக்கு.

யூனிட் என்பது வெறும் பகுப்புதான், இதே வரிசையில் நடத்தணும்னு யாரும் கட்டாயப்படுத்தலைன்னு சொல்லலாம். வகுப்பறையில் அது வரிசைதான். நான் படிச்சப்போ அஞ்சாவது யூனிட் தொடங்குற வாரமும் மாடல் எக்ஸாம் வாரமும் ஒண்ணாத்தான் வந்துச்சு. இப்பவும் ரிவ்யூவில் சந்திக்கிற பசங்ககிட்ட கேட்டா, "அது அசைன்மென்ட்டா கொடுத்துட்டாங்க சார்"ங்கறதுதான் பதில். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. ஒரு கட்டம் முடிஞ்சா அடுத்தது, திரும்பிப் பார்க்கிற வேலை கிடையாது, கடைசியில ஒரே சோதனை. வாட்டர்ஃபாலில் என்ன குறைன்னு கேக்குற பாடத்தையே நாம வாட்டர்ஃபால் முறையில்தான் நடத்திக்கிட்டிருக்கோம்.

இந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிற பெரும்பாலான சொற்களுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தரோட நிஜமான தோல்வி இருக்கு. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில் நேட்டோ ஒரு மாநாடு கூட்டினப்போ, 'மென்பொருள் பொறியியல்'ங்கற பேரையே ஒரு சீண்டலாகத்தான் வெச்சாங்க. மத்த பொறியியல் துறைகளுக்கு இருக்கிற அடித்தளம் இதுக்கு இன்னும் இல்லையேங்கற கவலை அந்தப் பேருக்குள்ளேயே இருந்துச்சு. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 வேலையை நடத்தி, அது இழுத்தடிச்சதைக் கண்ணால பார்த்த ஃப்ரெட் ப்ரூக்ஸ், அந்த அனுபவத்தை 1975இல் புத்தகமா எழுதினார். தாமதமான திட்டத்தில் புதுசா ஆளைச் சேர்த்தா அது இன்னும் தாமதமாகும்ங்கறது அதில் வர்ற விதி. நம்ம தேர்வில் இது ப்ரூக்ஸ் விதியை வரையறு, 2 மார்க். காயம் எப்படிப் பட்டுச்சுன்னு சொல்லாம, தழும்பை மட்டும் படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொல்றோம்.

ராய்ஸ் சொன்னதும் நாம வரைஞ்சதும்

இதுக்கு மிகச் சரியான உதாரணம் வாட்டர்ஃபால். 13 மார்க் கேள்விகளில் நிரந்தரமா இடம் பிடிச்ச ஒண்ணு. படிக்கட்டு மாதிரி பெட்டிகள் வரையணும். அப்புறம் நிறைகள் அஞ்சு, குறைகள் அஞ்சு.

அந்தப் படம் எங்க இருந்து வந்ததுன்னு பார்த்தா, 1970 ஆகஸ்டில் வெஸ்கான் மாநாட்டில் வின்ஸ்டன் ராய்ஸ் படிச்ச ஒரு சின்னக் கட்டுரைக்குப் போய்ச் சேருவோம். விண்கலப் பயணங்களுக்கான மென்பொருளில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த அனுபவத்தில் எழுதினது. ஏழு பெட்டிகள் இறங்கு வரிசையில் இருக்கிற படம் முதல் பக்கங்களிலேயே வந்துடுது. படத்தைப் போட்ட கையோட அவர் சொல்றது என்னன்னா, இந்தக் கருத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனா இப்படியே செயல்படுத்தினா அது ஆபத்து, தோல்வியைத் தேடிப் போறது. காரணமும் சொல்றார். சோதனை கடைசியில் வருது. நேரம், நினைவக இடம், உள்ளீடு வெளியீடு எல்லாம் காகிதத்தில் கணக்கா இல்லாம நிஜத்தில் முதல்முறையா முகத்தில் அடிக்கிறது அங்கதான். அங்க உடைஞ்சா வடிவமைப்பு வரைக்கும், சில நேரம் தேவைகள் வரைக்கும் திரும்பிப் போகணும். செலவோ நாளோ ரெண்டு மடங்கு ஆகிடலாம்.

மீதிக் கட்டுரை முழுக்க அதுக்கான மருந்துதான். அஞ்சு சேர்க்கைகள்: பகுப்பாய்வுக்கு முன்னாடியே ஒரு முதற்கட்ட வடிவமைப்பு போடு. வடிவமைப்பை ஆவணப்படுத்து. ரெண்டு தடவை செய். சோதனையைத் திட்டமிட்டுக் கண்காணி. வாடிக்கையாளரை உள்ளே கொண்டு வா. 'வாட்டர்ஃபால்'ங்கற சொல் அந்தக் கட்டுரையில் எங்கேயும் கிடையாது. அது 1976இல் பெல்லும் தேயரும் எழுதின இன்னொரு கட்டுரையில்தான் தென்படுது.

நம்ம விடைத்தாளில் "குறைகள்"ங்கற தலைப்பில் மாணவர் எழுதுற அஞ்சு புள்ளியில் பாதி, ராய்ஸே தன் படத்துக்கு எதிரா சொன்னது. இது தெரியாததால், ராய்ஸ்னு ஒருத்தர் விவரம் இல்லாம ஒரு மாதிரியைக் கண்டுபிடிச்சார், அப்புறம் வந்த புத்திசாலிங்க திருத்தினாங்கன்னு ஒரு கதை மனசில் பதிஞ்சிடுது. பள்ளம் இருக்கு, பார்த்துப் போங்கன்னு பலகை வெச்சவர் தலையிலேயே பள்ளம் தோண்டின பழியைக் கட்டிட்டோம்.

ஒரு வரலாற்றுத் தகவல் தப்பாப் போனா என்ன குடி முழுகிப்போச்சுன்னு கேக்கலாம். முழுகுது. வாட்டர்ஃபால், ஸ்பைரல், அஜைல் எல்லாம் செல்போன் மாடல் மாதிரி ஒண்ணை ஒண்ணு காலாவதி ஆக்கினதுன்னு மாணவர் நினைச்சுக்கிறார். எந்தச் சூழலில் எந்த வழி பொருந்தும்னு யோசிக்கிற தேவையே அவருக்கு வர்றதில்லை. "எந்த மாடல் பயன்படுத்தினீங்க?"னு ரிவ்யூவில் கேட்டா, பத்தில் எட்டுக் குழு "அஜைல் சார்"னு சொல்லும். ஏன்னு கேட்டா, "அதுதான் சார் இப்ப லேட்டஸ்ட்." 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அந்த அறிக்கையை எழுதி கால் நூற்றாண்டு ஆகப்போகுது. லேட்டஸ்ட்டாம்.

துறை தனக்குள்ளேயே எவ்வளவு சண்டை போட்டுக்கும்ங்கறதும் நம்ம பாடத்தில் தெரியாது. முதல் வடிவத்தைத் தூக்கிப் போடத் தயாரா இரு, எப்படியும் போடத்தான் போறன்னு 1975இல் எழுதின ப்ரூக்ஸ், 1995 பதிப்பில் அந்த அறிவுரையைத் தானே திரும்ப வாங்கிக்கிட்டார். அதுக்குள்ளே வாட்டர்ஃபால் மனநிலை ஒளிஞ்சிருந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா வளர்க்கிறதுதான் சரின்னு விளக்கமும் கொடுத்தார். இருபது வருஷம் கழிச்சு, தன் புகழ்பெற்ற புத்தகத்தில் எது தப்புன்னு அவரே ஒரு அத்தியாயத்தில் எழுதறார். வகுப்பில் படிக்க வேண்டியது அந்த அத்தியாயம்.

ரெண்டு தசம இடம் வரைக்கும்

அடுத்து கொகோமோ. பேரி போம் 1981இல் வெளியிட்ட மதிப்பீட்டு மாதிரி, 63 திட்டங்களின் தரவிலிருந்து பிறந்தது. எளிய வகைத் திட்டத்துக்கு, ஆயிரம் வரிகளில் சொன்ன அளவை 1.05 என்ற அடுக்குக்கு உயர்த்தி 2.4ஆல் பெருக்கினா எத்தனை ஆள்-மாத உழைப்புன்னு வரும். அதை 0.38 அடுக்குக்கு உயர்த்தி 2.5ஆல் பெருக்கினா எத்தனை மாதம்னு வரும்.

தேர்வுக் கேள்வி இப்படி இருக்கும்: திட்டத்தின் அளவு 32 ஆயிரம் வரிகள், உழைப்பையும் காலத்தையும் கண்டுபிடி. கால்குலேட்டரைத் தட்டினா சுமார் 91 ஆள்-மாதம், 14 மாதம். ரெண்டு தசம இடம் வரைக்கும் எழுதினா முழு மார்க்.

ரெண்டு விஷயம் இங்கே காணாமப் போகுது. முதலாவது, அந்த 32 ஆயிரம் எங்க இருந்து வந்தது? ஒரு வரி கூட எழுதாதப்போ எத்தனை வரி வரும்னு ஊகிக்கிறதுதான் மதிப்பீட்டில் இருக்கிற கஷ்டமே. அதைக் கேள்வித்தாளே கொடுத்துட்டா மிச்சம் இருக்கிறது பெருக்கல் கணக்கு. ரெண்டாவது, போம் தன் மாதிரியின் துல்லியத்தை ஒளிக்கலை. இந்த அடிப்படை வடிவம் 60 சதவீத நேரம்தான் உண்மைக்கு ரெண்டு மடங்குக்குள்ளே வருதுன்னு அவரே எழுதி வெச்சிருக்கார். அப்படின்னா 91ங்கற விடைக்கு அர்த்தம், உண்மை 45க்கும் 180க்கும் நடுவில் எங்கேயோ இருக்கலாம்ங்கறது. அதுவும் நூத்துக்கு அறுபது தடவைதான். இதைச் சொல்லாம தசமப் புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு இலக்கம் கேக்குறது, மாட்டுச் சந்தையில் மாட்டை நகைக்கடைத் தராசில் நிறுத்துற கதை.

இதையே நல்ல பாடமாக்கவும் முடியும். நாலு பேர் கொண்ட குழு, நாலாயிரம் வரி மென்பொருள்னு வெச்சுக்குங்க. அதே சூத்திரத்தில் போட்டா சுமார் 10 ஆள்-மாதம், 6 மாத காலம். ஒரு செமஸ்டரில் கையில் இருக்கிறதோ நாலு மாதம் சொச்சம். அதில் பிளேஸ்மென்ட் ஓடுது, அரியர் எக்ஸாம் ஓடுது. அப்போ என்னத்தை விடுறது? திட்ட மேலாண்மை தொடங்குறதே இந்தக் கேள்வியில்தான். நான் ரிவ்யூவில் குழுக்கள்கிட்ட வழக்கமா கேக்குற ஒண்ணு: "முதல் நாள் இது எத்தனை நாள் ஆகும்னு நினைச்சீங்க?" பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. அதை அவங்ககிட்ட யாருமே கேட்டதில்லை.

பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போகாத பாஸ்போர்ட் சிஸ்டம்

ஆய்வகம் பக்கம் வருவோம். இந்தப் பல்கலைக்கழகத்தில் கணினி படிச்ச யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்திலேயே ஒப்பிக்கிற பட்டியல் ஒண்ணு உண்டு: பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டனன்ஸ், ரயில்வே ரிசர்வேஷன், கிரெடிட் கார்டு ப்ராசஸிங். ஒழுங்குமுறை மாறினாலும் பட்டியல் பெரிசா மாறலை. யூஸ் கேஸ் படம், கிளாஸ் படம், சீக்வென்ஸ் படம் வரைஞ்சு ரெக்கார்டு நோட்டில் ஒட்டணும். சீனியர் நோட்டு வழியாவோ ஜெராக்ஸ் கடை வழியாவோ அந்தப் படங்கள் தலைமுறை தலைமுறையா இறங்கி வரும். ஒரு குச்சி மனுஷன் விண்ணப்பதாரர், இன்னொரு குச்சி மனுஷன் போலீஸ்.

யூஸ் கேஸ் படம் தப்பான கருவி இல்லை. அதன் அடிப்படையே, பயன்படுத்துறவர்கிட்டப் போய்ப் பேசி, அவர் என்ன செய்ய வர்றார்னு கண்டுபிடிக்கிறது. பாஸ்போர்ட் சிஸ்டம் வரைஞ்ச எத்தனை பேர் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் நின்னிருப்பாங்க? முகவரிச் சான்றில் இனிஷியல் முன்னாடியும், மார்க் ஷீட்டில் பின்னாடியும் இருந்தா என்ன ஆகும், போலீஸ் விசாரணைக்கு வர்றப்போ வீடு மாறியிருந்தா என்ன ஆகும்ங்கறதெல்லாம் அந்தக் குச்சி மனுஷனுக்குத் தெரியாது. இந்தியாவில் பாஸ்போர்ட் சேவாங்கற பேரில் இதே வேலை நிஜமாவே ஒரு பெரிய மென்பொருள் திட்டமா நடந்து, கோடிக்கணக்கான பேர் அதைப் பயன்படுத்துறாங்க. அதைப் பத்தி ஒரு வரி கூட ரெக்கார்டில் வராது.

ராய்ஸோட அஞ்சாவது சேர்க்கை வாடிக்கையாளரை உள்ளே கொண்டு வர்றது. நம்ம ஆய்வகத்தில் வாடிக்கையாளர்னு ஒருத்தர் கிடையாது. அதனால தேவைகள் மாறவே மாறாது, யாரும் "நான் கேட்டது இது இல்லையே"ன்னு சொல்ல மாட்டாங்க. மாறாத தேவையை வெச்சுக்கிட்டு அஜைல் ஏன் வந்ததுன்னு எப்படிப் புரியும்?

எல்லாம் பாஸ்

கடைசியா ப்ராஜெக்ட் ரிப்போர்ட். என் விமர்சனத்தின் நடுப்புள்ளி இதுதான்.

ஒரு வழக்கமான ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் பாருங்க. கேன்ட் சார்ட்டில் எல்லாப் பட்டையும் குறிச்ச தேதிக்குக் கச்சிதமா முடிஞ்சிருக்கும். அந்தச் சார்ட் வரைஞ்சதே பைண்டிங்குக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. ரிஸ்க் பட்டியல் இருக்கும், ஆனா எந்த ரிஸ்க்கும் நடந்திருக்காது. டெஸ்ட் கேஸ் அட்டவணையில் இருபது வரி இருக்கும், இருபதும் பாஸ். கோடு வெச்சிருக்கிற இடத்தைத் திறந்தா ஒரே ஒரு கமிட், செய்தி "ஃபைனல்". சில ரிப்போர்ட்டுகள் காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினவைன்னு ரெண்டாவது கேள்வியிலேயே தெரிஞ்சுடும். இத்தனைக்கும் பக்க எண், மார்ஜின், எழுத்தளவு எல்லாம் விதிப்படி இருக்கும்.

இதைச் சொன்னா ஒரு நல்ல எதிர்வாதம் வரும், அதையும் பார்த்துடலாம். டேவிட் பார்னாஸும் பால் கிளெமென்ட்ஸும் 1986இல் ஒரு கட்டுரை எழுதினாங்க. பகுத்தறிவான வடிவமைப்பு முறைன்னு ஒண்ணை யாராலும் நிஜத்தில் பின்பற்ற முடியாது. தேவைகள் முழுசாத் தெரியாது, தெரிஞ்சாலும் மாறும், மனுஷன் தப்புப் பண்ணுவான். ஆனாலும் அப்படி ஒரு முறையைப் பின்பற்றின மாதிரி ஆவணங்களைத் தயாரிக்கணும்னு அவங்க வாதம். அதாவது பாசாங்கு பண்ணுங்கன்னு தலைப்பிலேயே சொல்றாங்க. அப்போ நம்ம பசங்க பண்றதும் அதுதானே?

இல்லை. பார்னாஸ் சொல்ற ஆவணம், வேலை போன குழப்பமான பாதையை நேராக்கி எழுதறது. நாளைக்கு அந்தக் கோடைத் தொடப்போற ஒருத்தருக்கு, சரியான வடிவமைப்பு எது, எதனால் அப்படின்னு புரியணும்ங்கறதுக்காக. கைவிட்ட மாற்று வழிகளையும் ஏன் விட்டோம்ங்கற காரணத்தையும் எழுதி வைக்கச் சொல்றாங்க. தப்பு கண்டுபிடிச்சா ஆவணத்தைத் திருத்தச் சொல்றாங்க. அதில் இருக்கிற ஒவ்வொரு வரியும் மென்பொருளைப் பத்தி உண்மை. நம்ம ரிப்போர்ட்டில் நேராக்குறது பாதையை இல்லை, முடிவை. நாளைக்குப் படிக்கப்போறவர் ஒருத்தரும் இல்லை. பேனலில் இருக்கிற மூணு பேர் புரட்டிப் பார்த்ததும் அதன் ஆயுள் முடிஞ்சிடுது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்லூரியில் பார்த்தது. மூணு பொண்ணுங்க, ஒரு பையன். ஹாஸ்டல் மெஸ்ஸில் நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு முன்கூட்டிச் சொல்ற சின்ன செயலி. மெஸ் பொறுப்பாளர்கிட்டப் போய் உட்கார்ந்து, அவர் எப்படிக் கணக்குப் போடுறார்னு கேட்டு எழுதியிருந்தாங்க. டெஸ்ட் அட்டவணையில் மூணு வரியில் "ஃபெயில்"னு இருந்துச்சு. ஒண்ணு, ரெண்டு பேர் ஒரே நொடியில் சாப்பாட்டை ரத்து பண்ணினா எண்ணிக்கையில் ஒண்ணு குறையாமப் போயிடுது. ஏன் அப்படி ஆகுதுன்னு அந்தப் பொண்ணு போர்டில் வரைஞ்சு காட்டினா, எப்படிச் சரி பண்ணலாம்னும் சொன்னா. நேரம் போதலைன்னும் சொன்னா. அன்னிக்கு நான் பார்த்த ஒன்பது குழுவில் மென்பொருள் பொறியியல்னு சொல்லத்தக்க ஒரே பேச்சு அதுதான்.

பேனலில் வந்த கேள்வி: "முடிக்காம ஏம்மா கொண்டு வந்தீங்க?" நான் என் தாளில் அவங்களுக்குத்தான் அதிகம் போட்டேன். மூணு பேர் சராசரியில் அது கரைஞ்சுபோச்சு. இருபதும் பாஸ்னு எழுதின பக்கத்துக் குழு அவங்களைவிட மேலே போயிடுச்சு.

அந்த நாலு பேர் அன்னிக்கு என்ன கத்துக்கிட்டிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? வேலையில் சேர்ந்த பிறகு இதன் பலனை நான் வாரா வாரம் பார்க்கிறேன். காலை மீட்டிங்கில் புதுசா வந்த பையன் "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது"ன்னு சொல்றான். அடுத்த வாரமும் தொண்ணூறு. அதுக்கடுத்த வாரமும் தொண்ணூறு. சோம்பேறி இல்லை, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பான். "மாட்டிக்கிட்டேன், உதவி வேணும்"னு சொன்னா மார்க் குறையும்னு நாலு வருஷம் பழக்கியிருக்கோம். வீட்டிலேயே முதல் பட்டதாரியா வர்ற பசங்களுக்கு இது இன்னும் கடினம். சென்னையிலோ பெங்களூரிலோ மென்பொருள் வேலை பார்க்கிற அண்ணன், மாமா இருக்கிறவனுக்கு வீட்டிலேயே யாராவது, "மாட்டிக்கிட்டா உடனே சொல்லுடா, மறைச்சாத்தான் திட்டுவாங்க"ன்னு சொல்லிடுவாங்க. அது இல்லாதவங்களுக்குக் கல்லூரிதான் சொல்லணும்.

யார் மேல பழி

ஆசிரியர்கள் மேல பழியைப் போட்டுட்டுப் போறது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரே கேள்வித்தாள். விடைத்தாளைத் திருத்துறவருக்கு அந்த மாணவர் யார்னே தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரி மார்க் போடணும்னா, எதிர்பார்க்கிற விடையும் ஒரே மாதிரி இருக்கணும். பெட்டி வரைஞ்சு அம்புக்குறி போட்ட படத்துக்கு மார்க் போடலாம். "எங்க மெஸ் கணக்கு ஏன் ஒண்ணு தப்புது"ங்கறதுக்கு மத்தியத் திருத்த முகாமில் மார்க் போட முடியாது. ஒரு கைடுக்குக் கீழே பல குழுக்கள், அதுக்கு நடுவில் அட்மிஷன் வேலை, அங்கீகாரக் கோப்பு வேலை. இந்த ஏற்பாட்டில் நேர்மையான ரிப்போர்ட்டைவிட நேரான ரிப்போர்ட் எல்லாருக்கும் வசதி.

இதனாலதான் கம்பெனிக்காரங்க சொல்ற தீர்வும் எனக்குப் போதாது. கருவியை மாத்தினா பழக்கம் மாறாது. ஒரு கல்லூரியில் ஸ்க்ரம் போர்டு கட்டாயம்னு வெச்சாங்க. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ஆறு ஸ்பிரின்ட்டையும் ஒரே மூச்சில் உருவாக்கி, எல்லா அட்டையையும் "முடிஞ்சது" பக்கம் இழுத்து விட்டிருந்தாங்க. அட்டை உருவான தேதியைக் கருவியே காட்டிக் கொடுக்குது, கேட்கத்தான் ஆள் இல்லை. கேன்ட் சார்ட் பொய் சொன்ன இடத்தில் இப்போ ஸ்க்ரம் போர்டு சொல்லுது. 2021 ஒழுங்குமுறையில் பாடத்தோட ஆய்வகத்தையும் சேர்த்தது நல்ல மாற்றம்தான். மார்க் எதுக்குப் போடுறோம்ங்கறது மாறாதவரை அதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டு.

பாடத்திட்டத்தைத் தொடாமலே

பாடத்திட்டக் குழு கூடி மாத்தற வரைக்கும் காத்திருக்க வேண்டாத சில காரியங்கள் இருக்கு. இன்டர்னல் மார்க்கும் ப்ராஜெக்ட் ரிவ்யூவும் கல்லூரி கையில் இருக்கிறதால் ஒரு துறைத்தலைவர் நினைச்சா போதும்.

ஒண்ணு, முதல் வாரமே ஒவ்வொரு குழுவும் எத்தனை நாள், எத்தனை வரி, என்னென்ன முடியும்னு எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கட்டும். கடைசி நாள் பிரிக்கலாம். கணிப்பு சரியா இருந்ததுக்கு மார்க் வேண்டாம். ஏன் விலகுச்சுன்னு சொல்ற விளக்கத்துக்கு மார்க். கொகோமோவில் போட்ட எண்ணையும் பக்கத்திலேயே வெச்சுப் பார்க்கட்டும்.

ரெண்டு, வளாகத்துக்குள்ளேயே வாடிக்கையாளரைப் பிடிக்கலாம். மெஸ், நூலகம், கல்லூரி பஸ், ஜெராக்ஸ் கடை. செமஸ்டர் நடுவில் அவர் ஒரு தேவையை மாத்திச் சொல்லணும், அவ்வளவுதான். அஜைல் பத்தி ஒரு யூனிட் நடத்தறதைவிட அது அதிகம் சொல்லும்.

மூணு, போன வருஷக் குழுவின் கோடை இந்த வருஷக் குழுகிட்டக் கொடுத்து, ஒரே ஒரு வசதியைச் சேர்க்கச் சொல்லலாம். பராமரிப்புங்கற அத்தியாயம் ஒரே வாரத்தில் புரியும். அடுத்த வருஷம் இன்னொருத்தர் நம்ம கோடைத் திறப்பாங்கன்னு தெரிஞ்சா, பார்னாஸ் கேட்ட மாதிரி ஆவணம் எழுத ஒரு காரணமும் கிடைக்கும்.

நாலாவது, ரிப்போர்ட்டில் "வேலை செய்யாதவை"ன்னு ஒரு கட்டாயப் பக்கம். அதுக்குன்னு தனி மார்க். அந்தப் பக்கம் காலியா இருந்தா அந்த மார்க் கிடையாது. அங்க எழுதினதை வெச்சு வேற எங்கேயும் குறைக்கக் கூடாதுன்னு பேனலுக்கு முதலிலேயே சொல்லிடணும்.

இந்த நாலில் கடைசி ஒண்ணையாவது ரெண்டு கல்லூரிகளில் பேசிப் பார்த்தேன். ஒரு இடத்தில் சிரிச்சுட்டு டீ வாங்கிக் கொடுத்தாங்க. இன்னொரு இடத்தில் அடுத்த செமஸ்டரில் ஒரு செக்‌ஷனுக்கு மட்டும் வெச்சுப் பார்க்கிறோம்னு சொல்லியிருக்காங்க. நடந்தா என்ன வந்ததுன்னு இங்கே எழுதறேன்.

இப்போ ப்ராஜெக்ட் செமஸ்டரில் இருக்கிறவங்க இதைப் படிச்சா, யாரும் கேக்கலைன்னாலும் இன்னிக்கு ராத்திரி ஒரு தாளில் தேதி போட்டு, எப்போ முடியும்னு நினைக்கிறீங்களோ அதை எழுதி வையுங்க. முடிஞ்ச அன்னிக்கு எடுத்துப் பாருங்க. நேரம் இருந்தா ராய்ஸோட கட்டுரையையும் வாசிங்க, இணையத்தில் தேடினா கிடைக்கும், ஒரு மணி நேரத்தில் படிச்சுடலாம். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டு அதுக்கப்புறம் பரீட்சையில் பெட்டி வரையுங்க. 13 மார்க் எப்படியும் வந்துடும்.